கால்வாசி விசுவாசம்

மெத்தைக் கடைக்கு மேல்மாடியில் ஜெப மையம் இருந்தது. கீழே சனங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு மெத்தையில் படுத்துப் பார்ப்பார்கள். மேலே ஒரு கூடம் நிறைய ஆட்கள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாத மனிதர்களுக்காக ஜெபித்துக்கொண்டிருப்பார்கள். மத்தியானத்தில் அந்த முணுமுணுப்பு தளத்தைத் தாண்டிக் கீழே இறங்கும். விலை கேட்க வந்தவர்கள் அப்படியே கண்ணயர்ந்துவிடுவார்கள். கடை முதலாளி அதைத் தன் பஞ்சின் தரம் என்று நினைத்தார். மேலே இருந்தவர்கள் ஆவியானவரின் கிரியை என்றார்கள். மின்விசிறிக்கு யாரும் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை.

கடைசி வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவனை அங்கே ஒட்டடைக்குச்சி என்று கூப்பிட்டார்கள். உயரம் அப்படி. அவன் நாற்காலிக்குப் பின்னால் சுவர் முழுக்க ஜிகினா நட்சத்திரங்கள். ஜெபம் கேட்டவர் மறுபடி கூப்பிட்டு, சுகமாகிவிட்டது, வேலை கிடைத்துவிட்டது என்று சாட்சி சொன்னால், ஜெபித்தவரின் சுவரில் ஒரு நட்சத்திரம் ஒட்டுவது அந்த மையத்தின் வழக்கம். ஒட்டடைக்குச்சியின் சுவர் அமாவாசை வானம் மாதிரி ஜொலித்தது.

சங்கடம் என்னவென்றால், அவற்றில் பெரும்பாலானவை அவனுக்கு விசுவாசம் குறையத் தொடங்கிய பிறகு வந்தவை. உருகி உருகி ஜெபித்த காலத்தில் ஒரு பல்வலிகூட நின்றதில்லை. இப்போது வாய் ஜெபித்துக்கொண்டிருக்க, கண் எதிர்மாடியில் காயும் துணிகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும். அடுத்த வாரம் யாருக்கோ சிறுநீரகக் கல் கரைந்திருக்கும். கடவுள் இல்லையென்றால் இது தற்செயல். இருக்கிறார் என்றால் நக்கல். இரண்டில் எது என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

பக்கத்து நாற்காலிக்காரரின் பெயர் வெண்கலம். தொண்டை அப்படி. "என்னடா ஒட்டடை, உன் ஜெபத்துல நேத்து ஒரு குழந்தைக்குப் பேச்சு வந்துருச்சாமே? எங்க வீட்டுக்காரிக்குப் பேச்சு நிக்கணும்னு ஒண்ணு பண்ணிவிடேன்" என்பார்.

"அதெல்லாம் பெரிய அற்புதம்ணே. நான் சில்லறை வேலைதான் எடுக்கறேன்."

"அப்ப அவகிட்ட நான் ஜெயிக்கிற மாதிரியாவது பண்ணு."

"அதுக்குப் பேசாம கல்லையே கரைச்சிடலாம்ணே."

கூடத்தை மேய்ப்பவர் பெரியக்கா. ஊழிய ஒருங்கிணைப்பாளர் என்பது பதவி. அவ்வளவையும் சொல்லிக் கூப்பிடுவதற்குள் அவர் அடுத்த அறைக்குப் போய்விடுவார் என்பதால் பெரியக்கா. அவருடைய சட்டங்கள் இரண்டு. ஜெபத்தில் 'தெரியாது', 'ஒருவேளை' என்ற வார்த்தைகள் வரக் கூடாது. "சந்தேகத்தை அவங்களே கொண்டு வருவாங்க, நாமளும் கொடுக்கணுமா?" என்று கேட்பார். இரண்டாவது, நாமாக முதலில் போனை வைக்கக் கூடாது. அழட்டும், திட்டட்டும், தூங்கிக் குறட்டையே விடட்டும். அந்தப் பக்கம் வைத்த பிறகுதான் இந்தப் பக்கம் மூச்சு விடலாம்.

ஒட்டடைக்குச்சியின் விசுவாசம் முழுசாகப் போய்விடவில்லை. சோப்புக் கட்டி மாதிரி கரைந்து, கால்வாசி மிச்சம் இருந்தது. அந்தக் கால்வாசி அவன் அப்பாவின் தயவில் நின்றது.

அது இப்படி. போன வருஷம் அவன் தங்கை காய்ச்சலில் இறந்துபோனாள். வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பா. ஞாயிறு வகுப்பில், "பிரளயம் வந்தப்போ மீனுக்கெல்லாம் என்ன தண்டனை?" என்று கேட்டு, டீச்சரால் தண்ணீர் குடித்துவிட்டு வரச்சொல்லி வெளியே அனுப்பப்பட்டவள். போய்க் குடித்துவிட்டு வந்து, "குடிச்சிட்டேன் டீச்சர், இப்ப சொல்லுங்க" என்று உட்கார்ந்தவள். அவள் படுத்திருந்த நாட்களில் அம்மா உபவாசம் இருந்தாள். சபை முழுக்கச் சங்கிலி ஜெபம். இவன் ஆஸ்பத்திரி நடையில் முட்டிபோட்டே கிடந்தான். அப்பா மட்டும் வரவில்லை. அவர் சலூன் வைத்திருந்தார். மாதா கோயில், சபை, கூட்டம் எதற்கும் போகாதவர். "நான் தலைக்கு வெளியே பாத்துக்கறேன், உள்ளே அவங்க பாத்துக்கட்டும்" என்று போதகரைப் பற்றிச் சொல்பவர். பாப்பா போன அன்று காலையிலும் கடையைத் திறந்து சவரம் செய்தார். எல்லாம் முடிந்த பிறகு வந்தார். கையில் சோப்பு வாசம்.

"வீட்ல ஒருத்தர் குறுக்க நின்னா, ஆசீர்வாதம் எந்த வழியா உள்ள வரும்?" என்றாள் அத்தை, அடக்கம் முடிந்து கை கழுவிக்கொண்டே.

அவன் அந்த வாக்கியத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அதில் ஒரு வசதி இருந்தது. அப்பா குற்றவாளி என்றால் கடவுள் தப்பித்தார். எல்லோரும் கேட்டார்கள், ஒருவர் கேட்கவில்லை, அதனால் கிடைக்கவில்லை. கணக்கு நேராகிவிட்டது. அப்பா ஏதாவது பேச வாயெடுத்தால் இவன் தட்டோடு எழுந்து சமையலறைக்குப் போய்விடுவான். கோபம் என்று அம்மா நினைத்தாள். கோபம் இல்லை. அவரிடம் பேசினால், அவர் நல்லவர் என்று தெரிந்துவிடுமோ என்ற பயம்.

ஒரு மத்தியானம், தூறல். ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிந்து, எதிர்மாடியும் துணிக்கொடியும் நெளிந்து நெளிந்து தொட்டிக்குள் இருப்பவை போல ஆடின. கூடமெங்கும் குரல்கள் ஒன்றில் ஒன்று கலந்து, எது யாருடைய வியாதி, எது யாருடைய கடன் என்று பிரிக்க முடியாத ஒரே ரீங்காரமாகியிருந்தன. வெண்கலம் கண்ணை மூடியிருந்தார். அது ஜெபமா தூக்கமா என்பது அவருக்கும் ஆண்டவருக்கும் இடையிலான விஷயம். ஒட்டடைக்குச்சியின் காதில் விளக்கு மினுங்குவது போல ஒரு சின்ன ஓசை கேட்டது. அழைப்பு.

"சமாதானம் உண்டாகட்டும், ஜெப மையம். சொல்லுங்க ஐயா, எதுக்காக ஜெபிக்கலாம்?"

அந்தப் பக்கத்திலிருந்து சிக் சிக் சிக் என்று ஒரு சத்தம். நின்றது. மறுபடி சிக் சிக். முடி இல்லாத இடத்தில் கத்தரிக்கோல் காற்றை வெட்டும் சத்தம். யோசிக்கும்போதெல்லாம் அப்படி வெட்டும் ஒரே ஒரு கையை அவனுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும்.

"தம்பி," என்றது குரல். வாயில் துண்டை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. மெலிதாக, மரியாதையாக, முன்பின் தெரியாத ஒருவரின் குரலாக இருக்கப் பெரும்பாடு பட்டது. "நான் வேற ஊருங்க."

"அப்பா," என்று அவன் வாயிலிருந்து வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து முதுகுக்குப் பின்னால் போன பெரியக்கா நின்றார். அங்கே எல்லா ஜெபமும் அப்படித்தான் ஆரம்பிக்கும். அவர் திருப்தியாகத் தலையாட்டி, "ஆமென்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

"ஜெபம் அப்புறம் பண்ணலாம் தம்பி," என்றது குரல் அவசரமாக. "முதல்ல ஒண்ணு கேக்கணும். உங்ககிட்ட கேள்வி கேக்கலாமா? இல்ல ஜெபம் மட்டும்தானா?"

"கேளுங்க... ஐயா."

"எனக்கு ஒரு பொண்ணு இருந்தா. தவறிட்டா."

எழுந்து போகலாம் என்று கால் சொன்னது. ஹெட்போன் கம்பி மேஜையோடு கட்டியிருந்தது. முதலில் வைக்கக் கூடாது என்று சட்டம் வேறு. அவன் கார்டை எடுத்தான். எந்தத் துக்கத்துக்கு என்ன சொல்ல வேண்டும் என்று பெரியக்கா அச்சடித்துக் கொடுத்த கார்டு. 'மரணம்' கடைசிப் பக்கத்தில் இருந்தது.

"தோட்டக்காரர் எப்பவும் அழகான பூவைத்தான் முதல்ல பறிப்பார் ஐயா..."

"எந்தத் தோட்டக்காரன்யா மொட்டைப் பறிப்பான்?" குரலில் துண்டு நழுவி, சொந்தத் தொண்டை ஒரு கணம் எட்டிப்பார்த்தது. பிறகு மறுபடி மெலிதானது. "கோவிச்சுக்காதீங்க தம்பி. நான் கேக்க வந்தது அதில்ல. எனக்கு இந்த ஜெபம் கிபம் பழக்கம் இல்ல. வீட்ல மத்தவங்க எல்லாம் பண்ணுவாங்க. எம் பையன் பெரிய விசுவாசி. எனக்கு நாக்கு வராது. அன்னைக்குக் காலைல கடைல இருந்தேன். ஒருத்தர் சவரத்துக்கு வந்தாரு. சோப்பு போட்டு, ஒரு பக்கம் வழிச்சாச்சு. அப்போ என்னமோ நெஞ்சுல பிசைஞ்சுது. ஒரு நிமிஷம் இருங்கன்னு சொல்லிட்டு, பின்னாடி துண்டு காயப்போடற ரூமுக்குப் போனேன்."

சிக் சிக்.

"போயி?" என்றான் அவன்.

"நின்னேன். எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல. முட்டி போட இடம் இல்ல, வாளி இருந்துச்சு. ஈரத் துண்டுக்கு நடுவுல நின்னுகிட்டு, இந்தாப்பா, எனக்கு உன்னைப் பழக்கமில்ல, உனக்கும் என்னைப் பழக்கமில்ல, ஆனா பொண்ண விட்டுடு, வேணும்னா இந்தக் கையை எடுத்துக்கோன்னு சொன்னேன். வலது கை. தொழில் பண்ற கை. சும்மா சொல்லல தம்பி. அந்த நேரத்துல சத்தியமா நம்பினேன். கை மரத்துப் போகுதான்னு பாத்துகிட்டே நின்னேன். போகும், போகணும்னு இருந்துச்சு. அப்போ கடைல போன் அடிச்சுது."

ஜன்னலில் எதிர்மாடிக் கொடி அறுந்து ஒரு வெள்ளைச் சட்டை மெதுவாக, கைகளை விரித்துக்கொண்டு, தெருவுக்குள் இறங்கியது. ஒட்டடைக்குச்சி அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது கீழே சேர வெகுநேரம் ஆனது போலிருந்தது.

"மிச்சப் பாதியை வழிச்சுட்டுத்தான் போனேன். பாதி முகத்தோட ஒரு மனுஷனை எப்படித் தெருவுல விடறது? அந்தக் கை அப்படி வேலை செஞ்சுது தம்பி. ஒரு வெட்டு விழல. இன்னிக்கும் நல்லாத்தான் இருக்கு. அதான் கேக்கறேன். ஏன் எடுத்துக்கல? சின்ன விலைன்னு விட்டுட்டாரா? இல்ல, புதுசா வந்தவன், வரிசைல பின்னாடி நில்லுன்னுட்டாரா? இல்ல, அந்த ரூம்ல நான் துண்டுகிட்டதான் பேசினேனா?"

ஒட்டடைக்குச்சியின் கணக்கு அங்கேயே உட்கார்ந்துவிட்டது. எல்லோரும் கேட்டார்கள், ஒருவர் கேட்கவில்லை என்பதுதான் அவன் கணக்கு. அந்த ஒருவரும் கேட்டிருக்கிறார். கொடுக்க வேறெதுவும் இல்லாமல் கையைக் கொடுத்துக் கேட்டிருக்கிறார். ஒரு வருஷமாக அவன் கடவுளுக்கு வக்கீலாக இருந்து, சொந்த அப்பாவைக் கூண்டில் ஏற்றி வைத்திருந்தான். இப்போது ஒரே சாட்சியும் கவிழ்ந்துவிட்டது. வழக்கு தோற்றால் கட்சிக்காரர் காணாமல் போய்விடுவார் என்று பயந்து காத்திருந்தான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. மின்விசிறி சுற்றியது. ரீங்காரம் நிற்கவில்லை. கட்சிக்காரர் இத்தனை நாளும் கோர்ட்டுக்கு வந்ததே இல்லை என்பது மட்டும் ஞாபகம் வந்தது. வராததால் இல்லை என்று ஆகிவிடுமா? எப்போதும் வாய்தா வாங்குகிறவர்கள் இல்லையா?

கார்டில் 'மரணம்' பக்கத்தின் கீழே இன்னும் சில வரிகள் இருந்தன. 'அவருடைய திட்டம்', 'பிற்பாடு விளங்கும்'. அவன் கார்டைக் கவிழ்த்து வைத்தான்.

"தெரியாது," என்றான்.

பக்கத்தில் வெண்கலம் கண்ணைத் திறந்தார். அப்படியானால் தூக்கம் இல்லை.

"தெரியாதுன்னா?"

"தெரியாதுப்பா. எனக்கும் அதேதான் கேள்வி. நானும் முட்டி தேயத் தேயக் கேட்டேன். உங்களால்தான் நடக்கலன்னு நினைச்சுட்டு இருந்தேன். இப்ப அதுவும் இல்ல. நான் இங்க யாருக்கோ பண்ற ஜெபமெல்லாம் பலிக்குது, மனசே இல்லாம பண்றேன், பலிக்குது. ஏன்னு தெரியாது. ஒருவேளை..." என்று ஆரம்பித்து, தடை செய்யப்பட்ட இரண்டு வார்த்தைகளையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டதை உணர்ந்து நிறுத்தினான்.

 கத்தரிக்கோல் சத்தம் நின்றிருந்தது. ஏதோ ஆழமான தண்ணீருக்கு இரு கரையிலும் இருவர் உட்கார்ந்து, ஒரே கயிற்றின் இரு முனையைப் பிடித்துக்கொண்டிருப்பது போல இருந்தது.

"எப்ப கண்டுபிடிச்ச?" என்றார் அப்பா, துண்டை எடுத்துவிட்டு.

"கத்தரி சத்தம்."

"சே. அதை மேஜைல வெச்சுட்டுப் பேசணும்னு நினைச்சேன். மறந்துட்டேன்."

"எங்கப்பா இருக்கீங்க, கடையிலயா?"

"பின்ன? வேற ஊர்லயா?"

"இருங்க, வரேன். போனை வெச்சுடாதீங்க. நீங்க வைக்காம நான் வைக்கக் கூடாது."

"நான் எதுக்கு வைக்கறேன்? இவ்வளவு கஷ்டப்பட்டுப் பிடிச்சிருக்கேன்."

அவன் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் படுக்க வைத்தான். எழுந்தபோது பெரியக்கா எதிரே நின்றார். கூடத்தில் எந்த அழைப்பையும் அவர் நடுவில் புகுந்து கேட்க முடியும். கேட்டிருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது.

"தெரியாதுன்னு சொன்னியா?"

"ஆமாக்கா."

"ஒருவேளையும் சொன்ன."

"பாதிதான்க்கா சொன்னேன்."

பெரியக்கா மேஜையைப் பார்த்தார். கவிழ்ந்து கிடந்த கார்டை நிமிர்த்தி, என்னவோ வேறு யாரோ எழுதியது மாதிரி ஒருமுறை வாசித்தார். "நான் எடுத்திருந்தா இதைத்தான் சொல்லியிருப்பேன்," என்றார். "அந்த மொட்டுக் கேள்விக்கு எங்கிட்டயும் பதில் இல்ல." பிறகு பழைய குரலுக்குத் திரும்பி, "இப்ப எங்க கிளம்பிட்ட, வேலை நேரத்துல?"

"முடி வெட்டிக்க."

அவர் அவன் தலையைப் பார்த்தார். ஒரு வருஷ முடி காதை மூடித் தோளில் கிடந்தது. சலூன்காரர் மகன் என்றால் எவனும் நம்ப மாட்டான். "போ. அது ரொம்ப நாளா ஜெபத்துல இருக்கு," என்றார். "லைன் திறந்திருக்கே, யார் பாத்துக்கறது?"

"நீங்கதான்க்கா."

தெருவில் தூறல் இருந்ததா நின்றுவிட்டதா என்று சொல்ல முடியாத பதம். மெத்தைக் கடைக்குள் ஒரு பெரியவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார், விற்பனைப் பெண் அவரை எழுப்ப மனமில்லாமல் பக்கத்திலேயே நின்றாள். அச்சகத்தின் எந்திரம் கதவுக்குப் பின்னால் நிதானமாக மூச்சு விட்டது. சைக்கிள் பழுது பார்ப்பவர் ஒரு ட்யூபை நீரில் அமுக்கி, குமிழி வரும் இடத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். தேங்கிய நீரில் கட்டடங்கள் தலைகீழாக, ஆனால் அவசரமில்லாமல் நின்றன. அவன் அவற்றின் மாடிகள் மேல் கால் வைத்து நடந்தான். இந்த நேரத்தில் ஜெபிக்க வேண்டும் என்று தோன்றியது. யாருக்கு என்று தோன்றவில்லை. சரி, விலாசம் இல்லாமலே இருக்கட்டும் என்று, ஒன்றும் சொல்லாமல் நடந்தான். இருக்கிற கால்வாசி இப்போது யார் தயவிலும் நிற்கவில்லை. கீழே விழவும் இல்லை. அது அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

கடையில் ஆள் இல்லை. அப்பா சுழல் நாற்காலியில் தானே உட்கார்ந்து, போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தார். முன்னும் பின்னும் இருந்த கண்ணாடிகளில் அப்பாக்கள் வரிசையாக, தூரம் போகப் போகப் பச்சையாகி, முடிவே இல்லாமல் போன் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு அம்மா பேசுது," என்றார் அவனைப் பார்த்ததும், போனின் வாயைப் பொத்திக்கொண்டு. "நல்ல மாதிரியா இருக்கு. துக்கத்துக்கு ரெண்டு வார்த்தை சொல்லிச்சு. அப்புறம் நரைக்கு டை அடிச்சா முடி கொட்டுமான்னு கேக்குது."

"என்ன சொன்னீங்க?"

"தெரியாதுன்னா சொல்வேன்? தொழில் இது." போனில், "நல்லதும்மா, பையன் வந்துட்டான், வெச்சுடறேன்," என்று சொல்லி வைத்தார். எழுந்து நாற்காலியைத் தட்டினார். "உக்காரு. உயரத்தைக் குறைச்சுக்கோ, எட்டாது."

அவன் உட்கார்ந்தான். வெள்ளைத் துணி பறந்து வந்து மேலே படர்ந்தது. அப்பா சீப்பால் முடியைத் தூக்கிப் பார்த்து, தொழில்முறைத் துக்கத்தோடு உச்சுக்கொட்டினார். வெட்டத் தொடங்கினார். ஒரு வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகத் தரையில் விழுந்தது.

"எதுக்குப்பா அந்த நம்பருக்குப் போட்டீங்க?" என்றான் கண்ணாடியைப் பார்த்து.

"வீட்ல பேசினா நீ தட்டைத் தூக்கிட்டுப் போயிடற. அங்க நீங்க முதல்ல வைக்கக் கூடாதாமே, உங்கம்மா சொன்னா. நல்ல சட்டம். ஆனா நாலஞ்சு நாளா வேற வேற ஆளுங்களே எடுத்தாங்க. ஒருத்தன் கத்துனான் பாரு, காதுல வண்டு புகுந்த மாதிரி..."

"வெண்கலம் அண்ணன்."

"அவனுக்குப் பயந்து ரெண்டு நாள் போடவே இல்ல."

அவன் சிரித்தான். சிரிப்பு எங்கோ வழியில் திசை மாறி, கண்ணில் நீராக வந்தது. கைகள் துணிக்குள் இருந்ததால் துடைக்க முடியவில்லை. அப்பா தோளில் கிடந்த துண்டின் நுனியால், முடி ஒட்டியதைத் தட்டிவிடுவது போல, கன்னத்தை ஒற்றினார்.

"அத்தை சொன்னது எனக்கும் கேட்டுச்சு," என்றார். "அப்பவே சொல்லியிருக்கலாம், நானும் கேட்டேன்னு. சொன்னா, நீங்களும் கேட்டீங்களே, ஏன் நடக்கலன்னு உங்கம்மா கேப்பா. அவளுக்கு மிச்சம் இருக்கறதும் போயிடும். எம்மேலயே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

 கடவுளைக் காப்பாற்ற அவன் அப்பாவைக் கொடுத்திருந்தான். அப்பா அதற்கு வாய் திறக்காமல் சம்மதித்திருந்தார். இந்த இரண்டு பேரில் விசுவாசி யார் என்று அந்தக் கார்டில் எந்தப் பக்கத்திலும் இருக்காது.

"பின்கழுத்து," என்றார் அப்பா.

அவன் தலையைக் குனிந்தான். அப்பா இடது கையை அவன் உச்சியில் அகலமாக வைத்து அமுக்கிப் பிடித்துக்கொண்டார். வலது கையில் கத்தி. கழுத்தில் குளிர்ந்த சோப்பு நுரை. வெளியே சத்தமில்லாமல் மழை வலுத்தது. கடை முழுக்க ஈரத் துண்டின் வாசம். அந்தக் கையின் கனத்தில் அவன் கண் தானாக மூடிக்கொண்டது.

"டேய்," என்றார் அப்பா, ஒரு பக்கம் வழித்து முடித்து. "அன்னைக்கு அந்த ரூம்ல சொன்னது எங்கயாச்சும் கேட்டிருக்குமாடா?"

"தெரியலப்பா. கேட்டிருக்கணும்னு இருக்கு."

"எனக்கும் அப்படித்தான் இருக்கு," என்றார் அப்பா. "தலையை ஆட்டாத."